மனச்சோர்வுக்குக் காந்தச் சிகிச்சை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மனச்சோர்வில் இருப்பவர் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "மனசைத் தைரியமா வெச்சுக்க." "எதையும் போட்டு யோசிச்சுக்கிட்டே இருக்காத." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே நினைப்பில் சிக்கியவரை வெளியே கொண்டுவர வேண்டிய மூளைப் பகுதியின் இயக்கமே குறைந்திருக்கும்போது, யோசிக்காதே என்று சொல்லிப் பலனில்லை. அந்தப் பகுதியை மண்டையோட்டைத் திறக்காமல், வெளியிலிருந்தே தூண்டிவிடும் சிகிச்சைதான் காந்தத் தூண்டல். மருத்துவமனைகளில் இதை டி.எம்.எஸ். அல்லது ஆர்.டி.எம்.எஸ். என்பார்கள்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. தலையில் மின்சாரம் வைத்து நினைவையே அழித்துவிடுவார்கள் என்பது ஒன்று. நாலு நாள் காந்தம் வைத்தால் மாத்திரையே வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டுமே நோயாளிக்குக் கெடுதல். மனச்சோர்வில் மாறிப்போன மூளையின் இயக்கத்தைத் திரும்ப மாற்ற முடியும். அதற்குச் சரியான நோயறிதலும், இடைவிடாத வருகையும், கூடவே நிற்கும் மனிதர்களும் வேண்டும். கருவி மட்டும் அதைச் செய்துவிடாது. கீழே உள்ள பட்டியல் முழுவதும் இதை மனதில் வைத்து எழுதியதுதான்.

மூளையில் என்ன மாறுகிறது?

நெற்றிக்குப் பின்னால், இடப்பக்கம் சற்று மேலே இருக்கும் முன்மூளைப் பகுதிக்குத் திட்டமிடுவதிலும், கவனத்தைத் திருப்புவதிலும், பிடித்த நினைப்பை விடுவதிலும் பெரிய பங்கு உண்டு. மனச்சோர்வில் இதன் செயல்பாடு குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மூளையின் நடுவில், ஆழத்தில் இருக்கும் இன்னொரு இடம் அளவுக்கு மீறி இயங்குகிறது. '25ஆம் பகுதி' என்பது அதன் பெயர். நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க்கின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. நலமாக இருப்பவர்கள் துயரமான நினைவில் மூழ்கும்போது 25ஆம் பகுதியின் இயக்கம் ஏறியது, முன்மூளையின் இயக்கம் இறங்கியது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களிடம் இது நேர்மாறாக நடந்தது.

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு மாற்றத்தைக் காட்டியது. உடலின் உணர்வுகளைத் தொகுக்கும் பகுதியிலிருந்து உணர்ச்சியை ஆளும் பகுதிக்குச் சமிக்ஞை போவதுதான் வழக்கம். மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரிடம் அது எதிர்த்திசையில் ஓடியது. காந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் ஒரு வாரத்துக்குள் அந்த ஓட்டம் வழக்கமான திசைக்குத் திரும்பியது. திசை எவ்வளவு திரும்பியதோ அந்த அளவுக்கு மனநிலையும் தேறியது.

கருவி செய்யும் வேலை எளிமையானது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட தூண்டல் விதிதான் இதற்கும் அடிப்படை. மாறும் காந்தப்புலம் பக்கத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு, தலைமேல் வைத்த கம்பிச்சுருளால் மூளையைத் தூண்டிக் கை விரல்களை அசைய வைத்தது. இன்று எட்டு வடிவச் சுருள் ஒன்றைத் தலைமேல் வைக்கிறார்கள். அதன் வலிமை எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்துக்கு நிகரானது, ஆனால் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத்தான் நீடிக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் அது நேராக எட்டும். அதற்கும் ஆழத்தில் இருக்கும் 25ஆம் பகுதியை, முன்மூளையோடு அதற்குள்ள நரம்புத் தொடர்பு வழியாகத்தான் தொட முடிகிறது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் ஏற்றது.

முடிவெடுக்கும் முன்

செய்ய வேண்டியவை

• நோய் இன்னதுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, குடிப்பழக்கம் எல்லாம் மனச்சோர்வு போலவே தெரியலாம், அதை மோசமாக்கவும் செய்யலாம். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு சில நாட்கள் கழிந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அது இருதுருவ மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி இருந்தால் சிகிச்சைத் திட்டமே மாறும்.

• இதுவரை சாப்பிட்ட மருந்துகளை எழுதி எடுத்துப் போங்கள். பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம் என்ற நான்கும் வேண்டும். பழைய சீட்டுகள் இருந்தால் அப்படியே கொண்டுபோகலாம். பொதுவாக இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஆறு முதல் எட்டு வாரம்வரை சாப்பிட்டும் தேறாதவர்களை 'மருந்துக்கு மசியாத மனச்சோர்வு' என்பார்கள். பத்து நாளில் நிறுத்திய மாத்திரையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

• உடலில் இருக்கும் உலோகத்தை எல்லாம் சொல்லுங்கள். காக்ளியர் இம்பிளான்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், மூளைக்குள் வைத்த மின்முனை, கண்ணிலோ தலையிலோ தங்கிய உலோகத் துகள் ஆகியவை இருந்தால் இந்தச் சிகிச்சை பொதுவாகக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பல்லில் அடைத்த சிமென்ட் தடையில்லை.

• வலிப்பு, தலைக்காயம், பக்கவாதம் வந்ததுண்டா என்பதை மறைக்காதீர்கள். இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்து வலிப்புதான். அது அபூர்வம், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் பழைய வலிப்பு நோய், அதிகக் குடி, தூக்கமின்மை, புப்ரோபியான் போன்ற சில மருந்துகள் அந்த வாய்ப்பைக் கூட்டும்.

• மருத்துவரிடம் கேள்வி கேளுங்கள். எத்தனை அமர்வு? ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்? மொத்தச் செலவு எவ்வளவு? முன்னேற்றத்தை எந்த அளவுகோலால் பார்ப்பீர்கள்? வலிப்பு வந்தால் கையாள யார் பக்கத்தில் இருப்பார்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

• காப்பீடு இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்று இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. உங்கள் பாலிசியில் இந்தச் சிகிச்சைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

செய்யக்கூடாதவை

• இதை 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். மின்னதிர்வுச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, கட்டுப்பாட்டோடு வலிப்பை உண்டாக்குவார்கள். காந்தத் தூண்டலில் மயக்கம் கிடையாது. நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். முடிந்ததும் எழுந்து வீட்டுக்கோ வேலைக்கோ போகலாம். நினைவாற்றலை இது கெடுப்பதில்லை.

• அதற்காக மின்னதிர்வுச் சிகிச்சையை வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம். சாப்பாடு தண்ணீரையே மறுப்பவர், அசைவற்று உறைந்து கிடப்பவர், இல்லாத குரல்கள் கேட்பவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் உந்துதல் மிகுந்தவர் ஆகியோருக்கு அது வேகமாகவும் வலுவாகவும் உதவும். இப்படிப்பட்டவரை, பயமில்லாத சிகிச்சை என்பதற்காகக் காந்தத்துக்கு அழைத்துப் போய் நாட்களைக் கடத்தக்கூடாது.

• ஒரு ஸ்கேன் படத்தையோ மூளை அலைப் பதிவையோ மட்டும் வைத்து 'உங்களுக்கு மனச்சோர்வு' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்விலேயே கால்வாசிப் பேரிடம் அந்தத் திசை மாற்றம் இல்லை. மூளை மாற்றங்கள் கூட்டமாகப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிகின்றன. தனியொருவரின் நோயை உறுதி செய்ய இன்றும் மருத்துவர் உட்கார்ந்து பேசி, கேட்டு, கவனித்தாக வேண்டும்.

• காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தத் தொப்பி வாங்காதீர்கள். நிலையான காந்தம் எத்தனை நாள் தலைமேல் இருந்தாலும் மூளையில் மின்னோட்டத்தை உண்டாக்காது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏறி இறங்கும் வலுவான புலத்தால்தான் அது முடியும்.

சிகிச்சை நடக்கும் நாட்களில்

செய்ய வேண்டியவை

• ஒரு நாளும் விடாமல் போங்கள். வழக்கமான முறையில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய முறையில் ஒரு அமர்வு 37 நிமிடங்களுக்கு மேல் நீளும். தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் மூன்றே நிமிடம். கனடாவில் 414 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில் மூன்று நிமிட முறை நீண்ட முறைக்குக் குறையாத பலன் தந்தது. இரண்டிலுமே ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. நேரம் குறைவாக இருக்கிறதே, ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

• முதல் நாளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அன்று உங்கள் கட்டைவிரல் துடிக்கும் அளவுக்கு எவ்வளவு வலிமை தேவை என்று பார்த்து, அதை வைத்துத்தான் உங்களுக்கான அளவைக் கணக்கிடுவார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். பிறகு சுருள் உட்கார வேண்டிய இடத்தைக் குறிப்பார்கள். இடம் சற்று விலகினாலும் பலன் குறையும். எனவே தலையை அசைக்காமல் உட்காருங்கள். வசதியாக இல்லை என்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

• காதடைப்பான் கேட்டு வாங்கி மாட்டுங்கள். சுருள் ஒவ்வொரு முறையும் 'டக் டக்' என்று உரத்த ஒலி எழுப்பும். காதைக் காப்பது கட்டாயம்.

• தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி, ஹேர்பின், மூக்குக்கண்ணாடி, கைபேசி, வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். கழுத்துச் சங்கிலி, தாலிக்கொடி பற்றி முதல் நாளே ஊழியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

• வலித்தால் வாய்திறந்து சொல்லுங்கள். சுருள் இருக்கும் இடத்தில் குத்துவது போன்ற உணர்வு, தலைவலி, முகத்தசை துடிப்பது ஆகியவை சகஜம். பெரும்பாலும் முதல் வாரத்தோடு குறைந்துவிடும். வலிமையைப் படிப்படியாக ஏற்றலாம், கோணத்தைச் சற்று மாற்றலாம். வலி மாத்திரையும் உதவும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர்கள்தான் பிறகு பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

• முந்தைய இரவு சரியாகத் தூங்காவிட்டால் அமர்வுக்கு முன் தெரிவியுங்கள். புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும் நிறுத்தினாலும் அதையும் சொல்லுங்கள். சளி மாத்திரையானாலும் சொல்லிவிடுவது நல்லது.

• வாரத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் நிரப்பச் சொன்னால் மனதில் உள்ளபடி நிரப்புங்கள். மருத்துவரைத் திருப்திப்படுத்தக் கூட்டி எழுத வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• இரண்டாவது வாரத்தில் 'ஒண்ணும் தெரியல' என்று கைவிடாதீர்கள். அடிகுழாயில் முதல் சில அடிகளுக்குக் காற்றுதான் வரும், தண்ணீர் கீழே ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதுவும் அப்படித்தான். பலருக்கு மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் மாற்றம் தெரியத் தொடங்குகிறது.

• மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும், நோயும் திரும்பலாம். தூக்க மாத்திரைகளில் சில இந்தச் சிகிச்சையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால் மருத்துவரே அளவை மாற்றச் சொல்லலாம். அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

• மது வேண்டவே வேண்டாம். குடிப்பதும் வலிப்பு வாய்ப்பைக் கூட்டும், நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்துவதும் கூட்டும். பழக்கம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

• ஐந்தே நாளில் குணம் என்ற செய்தியைப் படித்துவிட்டு அதையே கேட்டு அடம்பிடிக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் நாளுக்குப் பத்து அமர்வு வீதம் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தது உண்மை, பலனும் பெரிதாக இருந்தது, எஃப்.டி.ஏ. 2022இல் அனுமதியும் தந்தது. ஆனால் 29 பேர் மட்டுமே பங்கெடுத்த ஆய்வு அது. ஒவ்வொருவரின் மூளையையும் ஸ்கேன் செய்து, தூண்ட வேண்டிய இடத்தைத் தனித்தனியே கணித்தார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் அமர்வுகளை அடுக்கிக் கொடுத்தால் அதே பலன் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் இருப்பவர்கள்

செய்ய வேண்டியவை

• துணைக்குப் போங்கள். படுக்கையை விட்டு எழுவதே மலைப்பாக இருக்கும் ஒருவருக்குத் தினமும் கிளம்பிப் போவது பெரிய காரியம். சட்டையை எடுத்து வைப்பது, பேருந்தில் கூட உட்கார்வது, திரும்பும் வழியில் ஒரு காபி குடிப்பது எல்லாம் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

• சின்ன மாற்றங்களைக் குறித்து வையுங்கள். சொல்லாமலே குளித்தது, இரண்டாம் முறை சாதம் கேட்டது, பேப்பரைப் புரட்டியது, பேரனோடு நான்கு வார்த்தை பேசியது. நோயாளிக்குத் தன் முன்னேற்றம் தெரிவதற்குள் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் குறிப்பு மருத்துவருக்கும் பயன்படும்.

• தூக்கம் வெகுவாகக் குறைந்து, பேச்சும் வேகமும் திடீரென ஏறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் தாவிவிடும்.

செய்யக்கூடாதவை

• "இன்னைக்கு எப்படிப்பா இருக்கு? ஏதாவது தெரியுதா?" என்று தினமும் கேட்காதீர்கள். தேறவில்லையே என்ற குற்றவுணர்வுதான் அவருக்கு மிஞ்சும். "இவ்வளவு செலவு பண்றோம்" என்ற பேச்சு அவர் காதுக்குப் போகவே கூடாது. தான் ஒரு சுமை என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவர் அவர்.

• கோயிலா, தர்காவா, தேவாலயமா, மருத்துவமா என்று சண்டை வளர்க்காதீர்கள். வழிபாடு ஆறுதல் தருமானால் தாராளமாகப் போகட்டும். அமர்வு நேரம் தவறாமலும் மாத்திரை நிற்காமலும் இருந்தால் போதும்.

உயிர் ஆபத்து தெரிந்தால்

செய்ய வேண்டியவை

• நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மறைத்து வைத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

• பூச்சிமருந்தையும், சேர்த்து வைத்த மாத்திரைகளையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

செய்யக்கூடாதவை

• தனியே விடாதீர்கள். நாளைக்கு அமர்வு இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

• போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்பதுதான் இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நிலை.

சிகிச்சை முடிந்த பிறகு

செய்ய வேண்டியவை

• மருந்தையும் மனநல ஆலோசனையையும் தொடருங்கள். மூளை சற்றுத் தேறிய இந்த நேரத்தில்தான் விட்டுப்போன பழக்கங்களைத் திரும்பத் தொடங்க முடியும். காலை நடை, நேரத்துக்குச் சாப்பாடு, ஒரு நண்பரோடு பேச்சு, சின்னதாக ஒரு வேலை. மனம் வந்ததும் செய்யலாம் என்று காத்திருக்காமல் செய்யத் தொடங்குங்கள். செய்யச் செய்யத்தான் மனம் வரும்.

• நோய் திரும்புவதன் உங்களுக்கே உரிய முதல் அறிகுறிகளை எழுதி வையுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவதா, போன் எடுக்கப் பிடிக்காமல் போவதா? இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். பலன் கண்டவர்களை அமெரிக்காவில் ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, பத்தில் ஆறு பேருக்கு அந்தப் பலன் நிலைத்திருந்தது. அவர்களில் சிலருக்கு இடையில் மீண்டும் சில அமர்வுகள் தேவைப்பட்டன. முதல்முறை உதவியது என்றால் மறுமுறையும் உதவ நல்ல வாய்ப்பு உண்டு.

செய்யக்கூடாதவை

• நோய் திரும்பியதைத் தோல்வி என்று எண்ணி மறைக்காதீர்கள். சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் போக யாரும் கூச்சப்படுவதில்லை.

• காந்தம் கைகொடுக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று முடிவுகட்டாதீர்கள். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கத்தில் மெதுவான தூண்டல், வேறு வகை மருந்து, மருந்தோடு லித்தியம் சேர்ப்பது, மின்னதிர்வுச் சிகிச்சை என்று இன்னும் வழிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு அசையாத மனச்சோர்வு இன்னொன்றுக்கு அசைவதை மனநல மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

• அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்காமல், அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்காமல், மருத்துவரின் அறையை விட்டு எழாதீர்கள்.